டீச்சர் போடாத கையெழுத்து

ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் தொழிற்சாலைகள் வந்த புதிதில் நானும் என் ஊர்க்காரத் தோழி ஒருத்தியும் அங்கே வேலைக்குச் சேர்ந்தோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த எங்களுக்கு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் தம் வீட்டு மாடியறையை வாடகைக்குக் கொடுத்தார். தனியாக இருந்தார். பழைய மாருதி ஒன்றைத் தாமே ஓட்டிக்கொண்டு பள்ளிக்குப் போவார்.

தோழிக்கு அவள் வீட்டில் பிடிக்காத மாப்பிள்ளையை முடிவு செய்திருந்தார்கள். ஒரு நாள் காலையில், அவளை அழைத்துப்போக அன்று மத்தியானமே தாய்மாமா வருவதாகப் போன் வந்தது. மாமா போலீஸ்காரர். அவள் அழுவது கேட்டு மேலே வந்த டீச்சர், இந்தக் கல்யாணத்தில் இஷ்டமா இல்லையா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றாள். உடனே எங்களைக் காரில் ஏற்றி, சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்துக்கு ஓட்டினார். அவள் அங்கிருந்து சென்னை வழியாகப் பெங்களூரில் இருந்த அக்காவிடம் போய்ச் சேர்ந்தாள். மாமா வந்து எவ்வளவோ மிரட்டியும் அவள் போன இடத்தை டீச்சர் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் அந்தக் கார் வாசலிலிருந்தே திருடுபோனது. தெருவில் இன்னும் இரண்டு கார்கள் போயின. வண்டி இருக்குமிடத்தைப் போலீசுக்குக் காட்டும் கருவியை எல்லாக் கார்களிலும் அரசாங்கம் கட்டாயமாக்க வேண்டும் என்று தெருக்காரர்கள் கூடி மனு எழுதினார்கள். டீச்சரோடு நானும் போயிருந்தேன். மனு அவரிடம் வந்ததும் கையெழுத்துப் போடாமல் அடுத்தவரிடம் நகர்த்திவிட்டார்.

எதிர்வீட்டுக்காரருக்குக் கோபம். "காரைப் பறிகொடுத்தவங்களே நீங்கதான் டீச்சர். நீங்களே வேணாம்னா எப்படி?"

"வேணும்னு நினைக்கிறவங்க மாட்டிக்கட்டும் சார். என் வண்டில யார் ஏறினாங்க, எங்க எறங்கினாங்கன்னு என்னைக் கேக்காம ஒருத்தர் பாக்கிறதுக்கு நான் கையெழுத்து போட மாட்டேன்."

காரணம் அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். டீச்சர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால், கார் போன ஆத்திரத்தில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

மற்றவர்கள் கையெழுத்தோடு மனு போனது. பதில் வந்ததாக நினைவில்லை. காரும் கிடைக்கவில்லை. டீச்சர் பள்ளிக்கு டவுன் பஸ்ஸில் போகத் தொடங்கினார். எதிர்வீட்டுக்காரர் பல வாரம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எதிர்வீட்டுக்காரரின் மகளோ வழக்கம்போலச் சாயங்காலம் டீச்சர் வீட்டுக் கூடத்தில் வந்து உட்காருவாள். டீச்சர் அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார்.