படுகளத்தில் முதல் ஆள்

போத்தனூர் ஆறுச்சாமிக்குப் பாட்டு சோறு போடவில்லை. சோறு போட்டது ஸ்டேஷன் நிலக்கரி. அவனும் தம்பி அங்கப்பனும் அங்கே கூடை சுமந்தார்கள். ஆனால் மாசி பிறந்துவிட்டால் ஆறுச்சாமி உடுக்கையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். மேஸ்திரி கத்துவார், கத்திவிட்டு அவரே பாட்டுக் கேட்கவும் வந்து நிற்பார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் கோயமுத்தூரைச் சுற்றி அவன் பாடாத ஊர் குறைவு. அந்தச் சில ஊர்க்காரர்களும் வண்டி கட்டிக்கொண்டு அவன் பாடுகிற ஊருக்கு வந்தார்கள்.

அவன் பாடியது எங்கள் பக்கத்துக் குலதெய்வக் கதை. அதில் சண்டையில் வீரர்கள் சாகும் கட்டம் வந்ததும், விரதம் இருந்தவர்கள் அருள் வந்து தாங்களும் செத்தவர்களைப் போல விழுவார்கள். அதற்குப் படுகளம் என்று பெயர். விழுந்தவர்கள்மேல் வெள்ளை வேட்டியைப் போர்த்திவிடுவார்கள். பாட்டுக்காரன் ஒவ்வொருவர் தலைமாட்டிலும் நின்று எழுப்புப் பாட்டைப் பாடித் தீர்த்தம் தெளிக்கிறவரை வேறு யாரும் தொடக்கூடாது. அவன் எழுப்பாமல் விட்டால் விழுந்தவர்கள் எழவே மாட்டார்கள் என்று நம்பிக்கை. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். விழுந்து கிடப்பது சொந்தப் பிள்ளையாக இருந்தால் சிரிப்பு வராது.

விழுந்த ஆள் இல்லாத இடத்தில் அந்தப் பாட்டைப் பாடக்கூடாது என்பதும் முறை. ஒப்பணக்காரத் தெருவில் கிராமபோன் பிளேட் கடை வைத்திருந்த சுந்தரராஜுலு அதைத்தான் பிளேட்டில் பதியக் கேட்டு நடையாய் நடந்தார்.

“வேற எந்தப் பாட்ட வேணாலும் எடுத்துக்குங்க. அது மட்டும் ஆகாதுங்க,” என்று ஆறுச்சாமி அனுப்பிவிடுவான்.

அங்கப்பன் வருஷா வருஷம் படுகளத்தில் விழுகிறவன். அண்ணன் பாட்டுக்குத் தம்பி எழுவதைப் பார்க்கவே ஒரு கூட்டம் வரும். அந்த வருஷம் கணபதிக்கு வடக்கே ஓர் ஊரில் திருவிழா. விரதத்தோடு அவனுக்குக் காய்ச்சலும் இருந்தது. இந்தத் தடவை வேண்டாம் என்றாள் மனைவி பூவாத்தாள்.

“எங்கண்ணன் எழுப்பிப்போடும், நீ போ புள்ள,” என்று சொல்லிவிட்டுப் போனான்.

வெயில் ஏறுகிற நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் விழுந்து கிடந்தார்கள். வரிசையில் முதல் ஆள் அங்கப்பன். ஆறுச்சாமி அவன் தலைமாட்டில் போய் நின்றான். மற்றவர்கள்மேல் கிடந்த வேட்டி மூச்சுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இது அசையவில்லை. குனிந்து நுனியைத் தூக்கி முகத்தைப் பார்த்தான். மறுபடி மூடினான்.

பாட்டைப் பாடி முதல் ஆளே எழவில்லை என்றால் மற்றவர்கள் கதி என்ன? அவர்களுடைய அம்மாக்களும் பெண்டாட்டிகளும் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். ஆறுச்சாமி தம்பியைத் தாண்டி இரண்டாவது ஆளிடம் போய் அங்கிருந்து பாட ஆரம்பித்தான்.

ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். அன்றைக்குப் போல அவன் ஒருநாளும் பாடியதில்லை என்று கேட்டவர்கள் சொல்வார்கள். கடைசி ஆளும் எழுந்து உட்கார்ந்த பிறகு உடுக்கையைக் கீழே வைத்தான். ஊர்ப் பெரியதனக்காரர் நஞ்சுண்டனிடம் போய், “தம்பி செத்துப்போயிட்டானுங்க,” என்றான். பஸ் போய்விட்டது என்பதைச் சொல்கிற மாதிரி சொன்னான்.

அழவில்லை. காரியம் முடிந்து மறுபடி கூடை சுமந்தான், சாப்பிட்டான், தூங்கினான். யாராவது கேட்டால், “கால் மரத்துப்போனா தெரியாதுல்லீங்க, அப்படி இருக்குதுங்க,” என்பான்.

சுந்தரராஜுலு துக்கம் கேட்க வந்தார். வந்த இடத்தில் தம் வேலையையும் பார்த்தார், அந்த மனுஷனுக்கு வெட்கமே கிடையாது. இந்தத் தடவை ஆறுச்சாமி சரி என்றுவிட்டான். ஏன் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. முடியாது என்று சொல்வதற்கும் உள்ளே ஓர் ஆள் இருக்க வேண்டுமே. ஜன்னலுக்கெல்லாம் கம்பளி தொங்கவிட்ட ஓர் அறையில், மைக்கைப் பார்த்துக்கொண்டு எழுப்புப் பாட்டைப் பாடினான். பிளேட் நன்றாக விற்றது. உக்கடத்து டீக்கடையில் அதைக் கேட்க வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். எனக்கு அந்த பிளேட்டைக் கேட்டால் எரிச்சல்தான் வரும். அவ்வளவு நன்றாகப் பாடியிருக்கிறான்.

சந்தைக்குப் போகும் வழியில் பூவாத்தாளும் அதைக் கேட்டாள். அன்று சாயங்காலம் ஆறுச்சாமியின் வாசலில் வந்து நின்றாள்.

“ஏனுங்க மாமா, அன்னைக்கு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுங்க?”

“வேட்டியத் தூக்குனப்பவே தெரிஞ்சுது அம்மணி.”

“தெரிஞ்சுமா தாண்டிப் போனீங்க?”

“மத்தவங்க கெடந்தாங்கல்ல.”

“அது செரிங்க. நான் அதக் கேக்கல.” கூடையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். “எல்லாரும் எந்திரிச்ச பொறகு அவரு ஒருத்தருதானுங்களே கெடந்தாரு. அவரு எந்திரிக்க மாட்டாருன்னு எனக்குந் தெரியுமுங்க மாமா. ஆளே இல்லாத ரூம்புல போய்ப் பாடுனீங்க. அவருக்கு ஒருவாட்டி பாடியிருக்கலாமுங்க.”

அவள், “வாரனுங்க,” என்று போய்விட்டாள்.

அடுத்த மாசியிலும் அதே ஊரில் அவனைக் கூப்பிட்டார்கள், போனான். விழுந்தவர்கள் எல்லாரும் எழுந்தார்கள். முடிந்ததும் நஞ்சுண்டன் அவன் கையைப் பிடித்து, குரல் போன வருஷத்தைவிட எடுப்பாக இருந்தது என்றார்.

“ஆமாங்க,” என்றான் ஆறுச்சாமி. “தொண்டகூட அடைக்கலீங்க.”