பதில் சொன்னது யார்?

கம்ப்யூட்டர் அறையின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பக்கத்துக் குழாயில் காலையும் கழுவிக்கொண்டுதான் செல்லக்கனி உள்ளே போகிறாள். காலணிகளை வெளியே விடச் சொல்லித்தான் கதவில் எழுதியிருக்கிறது. காலைக் கழுவச் சொல்லி எழுதவில்லை. மெஷினுக்குத் தூசி ஆகாது என்றால் காலில் இருப்பதும் தூசிதானே என்கிறாள். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் ஒரு மாடியில் அந்தக் கம்ப்யூட்டர் சென்டரை நடத்தும் சேஷு, இப்போது வாசலில் ஒரு மிதியடி வாங்கிப் போட்டிருக்கிறார். ஈரக்காலோடு வருகிறவள் இவள் ஒருத்திதான்.

செல்லக்கனி என் தங்கை. நான் எட்டாவதோடு நின்று ராஜபாளையத்தில் ஜாக்கெட் தைக்கிறேன். அவள் மதுரையில் பிஎச்.டி.க்குப் பதிந்திருக்கிறாள். பேண்டேஜ் துணி மடிக்கும் யூனிட்டுகளுக்கு வேலைக்குப் போகும் பெண்கள், தங்கள் வேலையைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது அவளுடைய ஆராய்ச்சி. பதினெட்டு வீடுகளுக்குப் போய்ப் பேச்சை டேப்பில் பிடித்து வந்தாள். ஒரு வீட்டில் கோழியும் சேர்ந்து பேசியிருக்கிறது. அதையும் '(கோழி)' என்று எழுதி வைத்திருக்கிறாள்.

பிடித்து வந்த பேச்சைப் பிரித்து அடுக்குவதற்கு என்றே ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறதாம். அவளுக்கு வழிகாட்டும் ஸாவித்ரி மேடம் வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்றிலிருந்து அதை இரண்டு ஃப்ளாப்பியில் கொண்டுவந்தார். கூடவே ஜெராக்ஸ் எடுத்த ஒரு தடித்த புத்தகம். துறையில் வேறு யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. "நீ படிச்சு எங்களுக்கும் சொல்லிக் குடு" என்று இவள் கையில் கொடுத்துவிட்டார்.

காந்தம் பட்டால் ஃப்ளாப்பி அழிந்துவிடும் என்று புத்தகத்தின் முதல் அத்தியாயம் சொல்கிறது. அதனால் டவுன் பஸ்ஸில் செல்லக்கனி ஸ்பீக்கருக்குக் கீழே உட்காருவதில்லை. வளைந்துவிடக் கூடாது என்று ஃப்ளாப்பிகளை எவர்சில்வர் டிபன் டப்பாவில் வைத்து மடியில் பிடித்துக்கொள்கிறாள். "எடம் இருக்கே தங்கச்சி, சாப்பாட்டக் கீழ வையேன்" என்றார் ஒரு நாள் கண்டக்டர். "சாப்பாடு இல்லண்ணே, தீஸிஸு" என்றாள். எங்கள் தெருவில் ஃப்ளாப்பி வைத்திருப்பவள் அவள் மட்டுமே என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

அந்த சாஃப்ட்வேர் என்ன செய்யும் என்று எனக்கு அவள் விளக்கியது இது. பேச்சை டைப் அடித்துக் கொடுத்தால் ஒவ்வொரு வரிக்கும் அது எண் போடும். எந்த வரியிலிருந்து எந்த வரி வரைக்கும் எதைப் பற்றிய பேச்சு என்று நாம் ஒரு பெயர் வைக்க வேண்டும். பிறகு ஒரு பெயரைக் கேட்டால், பதினெட்டு வீட்டிலும் அதைப் பற்றிப் பேசியதெல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கும். பெயர் வைப்பது மெஷின் இல்லை, நாம்தான். "பொறவு மெஷின் எதுக்குட்டி?" என்று கேட்டேன். "மறக்காம இருக்கதுக்கு யக்கா" என்றாள்.

செல்லக்கனிக்கு ஒரு வரியையும் பெயரில்லாமல் விட மனது வரவில்லை. 'கைவலி' என்று ஒன்று வைத்தாள். பிறகு 'கைவலி, இடது', 'கைவலி, சொல்ல விருப்பமில்லை'. பெயர்கள் இருநூறைத் தாண்டின. பழக்கம் வீட்டுக்கும் வந்தது. கருவேப்பிலை கேட்டுவந்த பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றி நான் இரண்டு வார்த்தை சொன்னால், "இது 'குறை சொல்லுதல்'ல வரும் யக்கா. 'அக்கம்பக்கம்'லயும் போடலாம்" என்பாள். ஒரே பேச்சுக்கு இரண்டு பெயர் வைக்கலாம், தப்பில்லையாம்.

மதுரைக்குக் கொண்டுபோனபோது ஸாவித்ரி மேடம் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "ஏம்மா, ரேஷன் கார்டுல பேர் சேக்குற மாதிரி சேத்துக்கிட்டே போயிருக்க? எல்லாத்தையும் ஏழெட்டுக் குடும்பமா ஆக்கிட்டு வா."

ஆக்கினாள். 'கைவலி, இடது' என்பதை 'உடல்' என்ற தலைப்புக்குள் சேர்த்த அன்று ராத்திரி அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் எட்டுத் தலைப்புகள் நின்றன. எல்லாவற்றிலும் பெரியது 'மனநிறைவு'. நிழலில் உட்கார்ந்து பார்க்கும் வேலை, கௌரவமான வேலை, ஒரு குறையும் இல்லை என்று பக்கம் பக்கமாக வந்திருந்தது. மேடத்துக்கு ஏக சந்தோஷம். யாரும் எதிர்பார்க்காத முடிவு, அதையே முக்கிய அத்தியாயமாக எழுது என்றார். எழுதத் தொடங்கினாள். டிசம்பரோடு அவளுடைய பதிவுக்காலம் முடிகிறது. அதற்குள் கொடுக்காவிட்டால் ஐந்து வருடப் படிப்பும் பட்டமில்லாமல் போய்விடும். இந்தத் தொண்ணூற்று ஏழில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே மாதம் டிசம்பர்தான்.

செல்லக்கனி எந்தப் புத்தகத்தையும் இடையில் தாண்டிப் படிக்கமாட்டாள். முடிக்காமலும் விடமாட்டாள். வேலை முடிந்த பிறகும் அந்த ஜெராக்ஸ் புத்தகத்தில் ஒரு அத்தியாயம் மிச்சம் இருந்தது. ஒரு பேட்டியில் பலபேர் பேசினால், ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் பேசியவர் பெயரைப் போட வேண்டும் என்பது அந்த அத்தியாயம். அவள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே பெயர்தான் போட்டிருந்தாள், வேலைக்குப் போகும் பெண்ணின் பெயர். டேப்பை எல்லாம் திரும்பப் போட்டுக் கேட்டு, பேசியவர் பெயர்களைச் சேர்த்தாள். பிறகு 'மனநிறைவு' என்ற தலைப்பைக் கேட்டு, இதில் பேசியது யார் யார் என்றும் மெஷினிடம் கேட்டாள்.

மாமியார்கள். பக்கம் பக்கமாக மாமியார்கள். நடுவில் ஒரு பெண்ணின் வீட்டுக்காரர். மண்ணெண்ணெய் கடன் கேட்க வந்த ஒரு அம்மாள். வேலைக்குப் போகும் பெண்கள் அந்தத் தலைப்பில் சொல்லியிருந்தது ஒரே வாக்கியம், வீட்டுக்கு வீடு அதேதான்: "ஆமா அத்தை."

எங்கள் பக்கத்தில் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. மாமியார் இருக்கும்போது மருமகளிடம் ஒன்று கேட்டால் மாமியார்தான் பதில் சொல்வார். மருமகள் முந்திக்கொண்டு பேசினால் அதுதான் மரியாதைக் குறைவு. டேப்பில் கேட்டு எழுதும்போது செல்லக்கனிக்கும் அது வேறு ஆள் பேச்சாகத் தோன்றவே இல்லை. அந்த வீட்டின் பதில் என்று எழுதிவிட்டாள்.

சென்டரில் அந்தத் தாளை சேஷுவும் எட்டிப் பார்த்தார். "பேசாம மாமியாருங்க மனநிறைவுன்னு தலைப்ப மாத்திருங்க மேடம். சோலி முடிஞ்சது" என்றார். செல்லக்கனி சிரிக்கவில்லை. அது அவளுக்கு நல்ல யோசனையாகவே பட்டிருக்க வேண்டும். செத்த நேரம் யோசித்தாள்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து மேடத்தைக் கூப்பிட்டாள். நானும் கூட நின்றேன். ரிசீவருக்கு வெளியிலும் மேடத்தின் குரல் கேட்டது.

"அதுக்கு இப்ப என்ன பண்ணப்போற?"

"திரும்பப் போய்க் கேக்கணும் மேடம்."

"நேரம் இருக்கா?"

"இல்ல மேடம்."

"இத உன்னத் தவிர யாரு பாக்கப்போறா?"

"யாரும் பாக்கமாட்டாங்க மேடம். நான் போயிட்டு வாரேன்."

போனை வைத்துவிட்டு, "மேடம் வேண்டாம்னு சொல்லல யக்கா" என்றாள். அவர் கேட்ட கேள்விகளிலேயே வேண்டாம் என்பது எனக்குக் கேட்டிருந்தது.

யூனிட் வாசலில் அந்தப் பெண்களைப் பிடித்துப் பார்த்தாள். ஐந்து மணிக்குச் சங்கு ஊதினால் அவர்கள் பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். கோயிலில் பார்த்தாள், மாமியாரும் வந்திருந்தார். கடைசியில் அதே வீடுகள், உட்காரப் போடும் அதே பாய்.

நேற்று வெள்ளத்தாய் ஆச்சி வீட்டுக்கு நானும் போனேன். அவருடைய மருமகள் பரிபூரணம் ஆறு வருடமாக பேண்டேஜ் துணி மடிக்கிறாள். ஆச்சியைத் தனியாகப் பேச்சில் இழுத்துவைப்பது என் பொறுப்பு. செல்லக்கனி, "வேல எப்படி மதினி இருக்கு?" என்று பரிபூரணத்தைக் கேட்ட அதே நேரத்தில், நான் ஆச்சியிடம் முட்டி வலியை விசாரித்தேன்.

"அது வலிக்கத்தான் செய்யுது தாயி, எந்திரிச்சா உயிரு போவுது. அவளுக்கென்ன, ஃபேனுக்கு அடியில ஒக்காந்து பாக்குற வேல. ஒரு கொறையும் கெடையாது" என்றார் ஆச்சி, ஒரே மூச்சில்.

"ஆமா அத்தை" என்றாள் பரிபூரணம்.

பெரியவர்கள் பேசும்போது அவர்கள் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்றுதான் எங்கள் வீட்டில் வளர்த்திருக்கிறார்கள். செல்லக்கனி ஆச்சி பக்கம் திரும்பவில்லை.

"கை எப்படி இருக்கு மதினி?"

"கைக்கென்ன, கல்லு மாதிரி இருக்கா" என்றார் ஆச்சி. பரிபூரணம் மாமியாரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வலதுகை இடது மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

"ஏ தாயி, நாந்தான் சொல்லுதேம்லா? அம்புட்டும் அவட்டயே கேட்டா எப்படி?"

"நீங்க சொன்னத ஒங்க பேருல எழுதிக்கிட்டேன் ஆச்சி. ஒரு வார்த்த விடல" என்றாள் செல்லக்கனி. குரலில் மரியாதை குறையவில்லை. பார்வை மட்டும் பரிபூரணத்தை விட்டு அகலவில்லை.

டேப் ஓடிக்கொண்டிருந்தது. செல்லக்கனி குனிந்து, டேப் ரெக்கார்டரை ஒரு விரலால் பாயின்மேல் மெல்லத் தள்ளினாள். ஆச்சியின் முட்டியைத் தாண்டி, பரிபூரணத்தின் சேலைக் கரையில் போய் அது முட்டும்வரை தள்ளிவிட்டு, கையை எடுத்துக்கொண்டாள்.