கழற்றி மாட்டும் போனும் என் மேஜையும்

செல்போன் பழுது பார்க்கும் தொழிலில் பாதி நேரம் போனைத் திறப்பதில் போகும். மீதி நேரம் திறந்ததற்குத் திட்டு வாங்குவதில் போகும். கவுன்டருக்குப் பின்னால் நின்று, "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்பதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன சக பாவிகளே, இது உங்களுக்காக. நான் ஸ்டெல்லா. பாலக்கரையில் ஒரு செல்போன் கடையில் பழுது பார்ப்பவள். உள்ளே வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும், "டெக்னீஷியன் இல்லையாம்மா?" என்றுதான் கேட்பார்கள். நான்தான் என்று சொன்னால் போனைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள்.

பசை போட்ட பிழைப்பு

இப்போது வரும் போன்களில் எல்லாமே பசை. பேட்டரிக்குப் பசை, டிஸ்ப்ளேக்குப் பசை, முதுகுக்குப் பசை. சூடு காட்டி, நோகாமல் நெம்பித் திறப்பதற்குள் கண்ணாடி விரிசல் விட்டால் பழி என் தலையில். ஒட்டி விற்ற மகராசன் எங்கோ ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறான். பேட்டரி செத்தால் போனே செத்தது என்று ஜனங்களும் பழகிவிட்டார்கள். என் மேஜைக்கு வரும் கூட்டம் தேய்ந்துகொண்டே வந்தது. முதலாளி ரஹீம் பாய், அந்த மேஜையை எடுத்துவிட்டுப் போன் கவர் மாட்டி வைக்கிற ஸ்டாண்ட் போடலாம் என்று பேச ஆரம்பித்தார். மேஜை போனால் கூடவே நானும் போக வேண்டியதுதான்.

அந்த நேரத்தில்தான் ஒரு கம்பெனி புதுப் போன் வரப்போவதாக அறிவித்தது. பேட்டரி, கேமரா, டிஸ்ப்ளே எல்லாம் ஸ்க்ரூவில் கழன்று வருமாம். பல வருஷத்துக்கு உதிரி பாகம் கிடைக்குமாம். பூமிக்கு நல்லதாம். போஸ்டர் முழுக்கப் பச்சை இலை. பூமியை விடுங்கள், எனக்கு நல்லது என்று நினைத்துக்கொண்டு பாயிடம் ஓடினேன். ஏஜென்சி எடுப்போம், சர்வீஸை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டே, "புக்கிங் வரட்டும், பாக்கலாம்மா. இல்லேன்னா தீபாவளிக்கு முன்னாடி கார்பென்டர் வந்துடுவார். கவர் வாங்குறவன் ரெண்டு நிமிஷத்துல போயிடுறான், உன்கிட்ட வர்றவன் உக்காந்து தண்ணி கேக்குறான்" என்றார்.

பூஜை அறைக்கு ஆகாத பிளாஸ்டிக்

முதலில் புக்கிங்குக்கு வந்தவர் ஸ்ரீரங்கம் சித்திரை வீதி மாமா ஒருவர். காவிரியில் பிளாஸ்டிக் மிதப்பதைப் பற்றி எனக்குப் பெரிய வகுப்பே எடுத்தார். ஸ்நானத்துக்குப் போகும்போதெல்லாம் பார்த்து வயிறு எரிகிறதாம். "இந்த மாதிரி ஒண்ணு வரணும்னுதான் பெருமாளைச் சேவிச்சிண்டிருந்தேன்" என்றார். அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டு பேரை எழுதியிருக்கலாம். உற்சாகத்தில், இதன் முதுகே பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்ததுதான் மாமா என்று சொல்லித் தொலைத்தேன்.

மாமா முகம் சுருங்கிவிட்டது. "பழசுன்னா, யாரோ சாப்ட்டுத் தூக்கிப் போட்ட டப்பாவா? கார்த்தால பெருமாளுக்கு முன்னாடி வெச்சுண்டு இதுலதானே பாராயணம் கேக்கணும்?" நல்ல சூட்டில் உருக்குவார்கள், ஒரு கிருமி இருக்காது என்றேன். கிருமி போகும், எச்சல் போகுமோ என்றார். காவிரியில் மிதக்கும் பிளாஸ்டிக் கரையேற வேண்டும், ஆனால் அவர் வீட்டுப் படியேறக் கூடாது. பிறகு, "ஒண்ணு பண்ணும்மா. மாப்பிள்ளை பேர்ல புக் பண்ணிடு. அவர் இதெல்லாம் பார்க்கறதில்லை" என்றார்.

முகம் விழாத மரம்

அடுத்தவர் ஒரு பேராசிரியை. கல்லூரியில் சுற்றுச்சூழல் மன்றம் நடத்துகிறவர். துணிப்பையோடு வந்தார், பையில் அவர் படமே அச்சாகியிருந்தது. மன்றமே இந்தப் போனைத்தான் வாங்கப்போகிறது என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் கம்பெனி முழு விவரத்தையும் வெளியிட்டுவிட்டது. சிப் பழசு, கேமரா சுமார், ஹெட்போன் மாட்ட ஓட்டை கிடையாது, பெட்டியில் சார்ஜர் கிடையாது. ஓட்டையை அடைத்ததும் சுற்றுச்சூழலுக்காகவாம், சார்ஜர் தராததும் சுற்றுச்சூழலுக்காகவாம். விலையைக் குறைக்காதது யாருக்காக என்று மட்டும் எழுதவில்லை.

பேராசிரியை திரும்பி வந்தார். அந்தக் கேமராவில் சாயங்கால வெளிச்சத்தில் எடுத்த படத்தை எங்கிருந்தோ பிடித்து, பெரிதாக்கிக் காட்டினார். கண்ணெல்லாம் கறுப்பாக விழுகிறதாம். பல வருஷம் உழைக்கும் மேடம், குப்பையே சேராது, உங்கள் மன்றம் கேட்பதும் அதுதானே என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். அவர் என்னை ஒன்றும் தெரியாதவளைப் போலப் பார்த்தார். "உழைக்கட்டுங்க, யார் வேணாம்னா? மரம் நடுற போட்டோல முகம் தெளிவா விழலேன்னா, நட்டதுக்கு என்னங்க அர்த்தம்?"

கிணற்றடிக் கேள்வி

திருவெள்ளறைப் பக்கத்திலிருந்து வந்த விவசாயி ஒருவர் கேட்டது ஒரே கேள்விதான். குனிந்து மோட்டாரைப் பார்க்கும்போது சட்டைப் பையிலிருந்து போன் தண்ணீரில் விழுந்துவிடுகிறது, இது தாங்குமா? தூறல் தாங்கும், முங்கினால் தாங்காது என்றேன். கழற்றுகிற மூடி வைத்தால் தண்ணீர் புகத்தான் செய்யும். பசை போட்டால் தண்ணீர் புகாது, நானும் புக முடியாது. இதை மறைத்துப் பசுமை என்று பக்கம் பக்கமாக எழுதின கம்பெனி மேல் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "கழட்டுற போன் முங்கக் கூடாது, முங்குற போனைக் கழட்டக் கூடாது. அப்ப நான் எதைத்தாங்க வாங்குறது?"

கனம்

அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் செல்வராஜ் அண்ணனுக்கு மட்டும் எல்லாமே பிடித்திருந்தது. தடிமன், எடை, ஸ்க்ரூ எல்லாம். தன்னைப் போன்ற பட்டறைக்காரர்கள் ஒரு கூட்டத்தையே இழுத்துக்கொண்டு வந்து புக்கிங் போட வைத்தார். பாயும் ஏஜென்சி எடுத்தார். எனக்கு உயிர் வந்தது. கனம் தொந்தரவு இல்லையாண்ணே என்று கேட்டதற்கு, "மத்ததெல்லாம் அப்பளம் மாதிரி இருக்கு தங்கச்சி. பொருள்னா கையில வெச்சா இருக்குன்னு தெரியணும்" என்றார்.

டெமோ

போன் வந்த அன்று கம்பெனி ஆள் ஒருவர் சென்னையிலிருந்து பச்சை டீ-ஷர்ட்டில் வந்தார். புக் செய்தவர்களை எல்லாம் பாய் அழைத்து ரோஸ்மில்க் கொடுத்தார். நான் மேஜையைத் துடைத்து, புதுத் துணி விரித்து, ஸ்க்ரூடிரைவர்களை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு நின்றேன். இனி சர்வீஸுக்கு இவங்கதான் என்று என்னைக் காட்டுவார் என்று நினைப்பு. அந்த ஆள் என் பக்கமே திரும்பவில்லை. பெட்டிக்குள் இருந்த விரல் நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்துச் செல்வராஜ் அண்ணன் கையில் கொடுத்தார். அண்ணன் கழற்றினார், பேட்டரியை எடுத்தார், மாட்டினார். ஒரே கைதட்டல். "இனிமே எந்தக் கடைக்கும் போய் நிக்க வேண்டாம்" என்றார் பச்சை டீ-ஷர்ட்.

என் வேலைக்கு உலை வைக்கும் போனுக்கு நானே இத்தனை நாள் தொண்டை கிழிய விளம்பரம் செய்திருக்கிறேன்! அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது. புக்கிங் வந்தால் மேஜை இருக்கட்டும் என்ற பாய், இருந்து என்ன செய்வது என்று அன்றைக்கே கார்பென்டருக்குச் சொல்லிவிட்டார். செல்வராஜ் அண்ணன் வேறு, போகிற போக்கில் என் மேஜையைத் தட்டிவிட்டுப் போனார். "இவ்வளவுதானா தங்கச்சி? இத்தனை நாளா என்னமோ ஆபரேஷன் பண்ற மாதிரி காட்டுனீங்களே!"

சந்தனம்

ஆயுத பூஜை முடிந்து கடை திறந்த அன்று கார்பென்டர் வந்து என் மேஜை மேல் டேப்பை நீட்டி அளந்துகொண்டிருந்தார். நான் என் சாமான்களைச் சாப்பாட்டுப் பைக்குள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அப்போது செல்வராஜ் அண்ணன் கைக்குட்டையில் போனை ஏந்திக்கொண்டு வந்தார். ஆன் ஆகவில்லையாம். மூடியைக் கழற்றினேன். பேட்டரிக்குச் சந்தனம் குங்குமம். கேமராவுக்குச் சந்தனம் குங்குமம். பேட்டரி போர்டைத் தொடும் இடத்தில், கரண்ட் போகிற பாதை முழுக்க, ஈரம் காயாத பெரிய பொட்டு. லேத்துக்கும் ட்ரில்லிங் மெஷினுக்கும் வைத்த கையோடு இதற்கும் வைத்திருக்கிறார்.

அவருக்குப் பின்னாலேயே, அதே போனை வாங்கிய பட்டறைக்காரர்கள் இன்னும் சிலர் அதே பொட்டோடு நின்றார்கள். ஒருவர் துடைத்துவிட்டு மூடிப் பார்த்ததில் மிச்சமான ஒரு ஸ்க்ரூவை உள்ளங்கையில் வைத்திருந்தார். பாய் வரிசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஸ்டாண்டை வாசல்கிட்ட போட்டுக்கலாம்" என்று கார்பென்டரை அந்தப் பக்கம் அழைத்துப் போனார். நான் பைக்குள் போட்ட பிரஷ்ஷைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பொட்டை வெளியில் வைத்தால் ஆகாதாண்ணே என்றேன். அண்ணன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "வெளியில வெச்சு என்ன பிரயோஜனம் தங்கச்சி? வேலை பாக்குறதெல்லாம் உள்ளதானே இருக்கு?"

பூமியை அந்தப் போன் காப்பாற்றுகிறபோது காப்பாற்றட்டும். இப்போதைக்கு என் பிழைப்பை, திறக்கத் தெரிந்து மூடத் தெரியாத புண்ணியவான்கள் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.