வாய்க்காலின் முதல் தண்ணீர்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கெட்ட செய்தி போடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. கண் விழித்ததும் போர், விபத்து, கொள்ளை என்று நாலைந்தை அனுப்பிவிட்டுத்தான் பல் தேய்ப்பேன்.

போன ஜூனில் ஒரு காலை, ஆழ்வார்குறிச்சி வீட்டு வாசலில் நின்று அப்படித்தான் ஒன்றை அனுப்பிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு டீச்சர் தெருவில் ஓட்டமாக ஓடினார்.

"அண்ணாச்சி, வாய்க்கால்ல தண்ணி வந்துட்டு! போனைப் பையில போட்டுட்டு வாங்க!"

அணையைத் திறந்த செய்தி மட்டும் என் போனுக்கு வரவேயில்லை!

நானும் ஓடினேன். மாதக்கணக்காக வெடித்துக் கிடந்த வாய்க்காலில் தண்ணீரின் தலை பைய வந்துகொண்டிருந்தது. சருகையும் நுரையையும் ஒரு தேங்காய் மட்டையையும் முன்னால் தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு வெடிப்பாக நிரப்பிவிட்டு நகர்ந்தது. தெருவே கரையில் அதோடு நடந்தது. நான் உள்ளேயே இறங்கி அதற்கு முன்னால் ஓடினேன், இந்த ஐம்பத்தைந்து வயதில்!

மூச்சிரைக்க நின்று குழுவில் எழுதினேன்: "வாய்க்கால்ல தண்ணி வந்துட்டு!"

"பழைய செய்தியா இருக்கும், நம்பாதீங்க" என்று பதில் போட்டாள் என் தங்கை.

எனக்கு வந்ததே கோபம். நான் அனுப்பிய கொள்ளையையும் விபத்தையும் ஒரு கேள்வி கேட்காமல் நம்பிய கூட்டம்! குனிந்து, போனைத் தண்ணீருக்குப் பக்கத்தில் பிடித்து, அந்தச் சலசலப்பை அப்படியே பதிந்து அனுப்பினேன்.

துபாயிலிருந்து அண்ணன் கேட்டான்: "கால நனைச்சியாலே?"

அப்போதுதான் காலைப் பார்த்தேன். என் செருப்பில் ஒன்று தேங்காய் மட்டையோடு சேர்ந்து நாலு வீடு தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.