கழுத்தில் கட்டாத வில்லை

குளத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன். அடுத்த பஸ் சாயங்காலம்தான். நடந்தேன்.

பட்டாளத்தில் எனக்கு ஒரே கூட்டாளி அந்த ஊர்க்காரன். பர்மா மலையில் என் கண்ணெதிரே குண்டு விழுந்து செத்துப்போனான். அவன் வீட்டுக்கோ 'காணவில்லை' என்று தந்தி வந்திருந்தது. செத்தது அவன்தான் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

செத்தால் ஆளைக் கண்டுபிடிக்க, நம்பர் அடித்த வில்லை ஒன்றை எங்கள் ஒவ்வொருவருக்கும் கொடுத்திருந்தார்கள். கழுத்தில் போடவேண்டும். இவன் அதை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டான். கழுத்தில் தொங்கினால் சந்தைக்கு ஓட்டிப்போகிற மாடு மாதிரி இருக்கிறதாம்.

குண்டு விழுந்த அன்றைக்கு நாங்கள் சரிவிலிருந்து கீழே ஓடி வந்த பிறகு, பிணம் புதைக்கப் போனவர்களில் ஒருவன் இறங்கி வந்து கேட்டான். முகம் போன ஒருத்தன் கிடக்கிறான், கழுத்தில் வில்லை இல்லை, யாராவது வந்து அடையாளம் சொல்ல முடியுமா என்று. மேலே இன்னும் சுட்டுக்கொண்டிருந்தார்கள். என் கால்சட்டை நனைந்திருந்தது. நான் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

நான் போனபோது அவனுடைய அப்பா வீட்டுக் களத்தில் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். மருமகள் நெற்றியில் பொட்டோடு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். என்னால் அந்தப் பொட்டைப் பார்க்க முடியவில்லை. அவர் தந்தியை எடுத்துக் கொடுத்தார். அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கு இங்கிலீஷ் எங்கே வரும்? படிக்கிறவன்போல அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சப்பான்காரன் பிடித்து வைத்திருப்பான், சண்டை முடிந்தால் விட்டுவிடுவான் என்று சொல்ல, பஸ்ஸிலேயே சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

"தம்பி, காயிதம் கெடக்கட்டும். ஒன் கண்ணால பாத்தத மட்டும் சொல்லு" என்றார்.

குண்டு விழுந்ததைச் சொன்னேன். வில்லை இடுப்பில் இருந்ததால் ஆள் தெரியாமல் புதைத்துவிட்டார்கள் என்றேன். அடையாளம் சொல்ல எங்களைக் கேட்டதை மட்டும் விட்டுவிட்டேன். அவர் கையில் இருந்த கடலையை உடைக்காமலே வைத்துவிட்டு மருமகளைக் கூப்பிட்டார்.

"எனக்குச் சொன்னத எம் மருமவளுக்கும் சொல்லு. நான் சொன்னா நம்பாது."

இரண்டாம் தடவையும் அதையே சொன்னேன். அவள் அழுவாள், என் மேல் மண்ணை வாரி இறைப்பாள் என்று பயந்து களத்தோரமாக நகர்ந்துகொண்டேன். அவள் அழவில்லை. சொன்னதை மனசுக்குள் அடுக்கிப் பார்க்கிறவள்போல நின்றாள்.

"இடுப்புல கட்டிக்கிட்டது ஒங்களுக்கு முன்னமே தெரியுமாண்ணே?"

அவள் எங்கே வருகிறாள் என்று புரிந்துவிட்டது. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். பிழைத்துப் பஸ் ஏறிவிடலாம். மாமனாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்மா. யாருன்னு கேட்டாங்க. மேல போகப் பயந்துக்கிட்டு நான் சொல்லல."