கம்பத்துக்கு ஊற்றிய தண்ணீர்

எருத்தேன்பதியில் ஒரு தோட்டத்துத் தரிசில் எங்கள் கருவிக் கம்பத்தை நட்டிருந்தேன். வெயிலின் சூட்டில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்குகிறது, எவ்வளவு காற்றுக்குத் திரும்புகிறது என்று அது அளக்கும். அதே கணக்கைப் பாலக்காட்டில் உட்கார்ந்து என் நண்பன் கணினியில் போட்டுக்கொண்டிருந்தான். வெயில், மழை, காற்று விவரங்களை மட்டும் கொடுத்தால், மண் எந்த நாளில் எப்படிச் சுடும் என்று அவனுடைய கணினி மாதிரி சொல்ல வேண்டும். அது சொல்வது சரியா என்று என் அளவுகளோடு வைத்துப் பார்ப்பதுதான் சோதனை. ஒரே நிபந்தனை, அதுவரை அவன் என் அளவுகளைப் பார்க்கக் கூடாது.

"எட்டிக்கூடப் பாக்க மாட்டேன், போதுமா?" என்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தான். கல்லூரி நாளிலிருந்து என் டிபன் பாக்ஸில் பாதியைத் தின்றவன். நான் காய்ச்சலில் கிடந்தபோது, கருவி ஓடுகிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லி, அளவுகள் வந்து சேரும் தளத்தின் கடவுச்சொல்லைக் கொடுத்தேன். அவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

கோடை முடிந்ததும் இருவர் கோடுகளையும் ஒரே திரையில் போட்டோம். அச்சாகப் பொருந்தின. சந்தோஷம் தாங்காமல் அவனுக்கு நானே பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். அதை நினைத்தால் இன்னமும் வயிறு எரிகிறது.

ஓரிடம் மட்டும் உறுத்தியது. ஒரு சொட்டு மழையில்லாத சித்திரையில் சில நாட்கள் மண் குளிர்ந்திருந்தது. கருவி பழுதோ என்று தோட்டத்துக்குப் போய் அங்கே குடியிருக்கும் தோட்டத்துக்கார அக்காவிடம் கேட்டேன்.

"நாந்தானுங்க கண்ணு தண்ணி ஊத்துனேன்," என்றார் உடனே. "மாரியாத்தா நோம்பிக்குக் கோயில்ல கம்பம் நட்டிருந்தாங்கல்ல? தெனமும் போயி மஞ்சத்தண்ணி ஊத்திப்போட்டு வருவேன். நம்ம தோட்டத்துலயும் ஒரு கம்பம் நிக்குது, நோம்பி முடியற வரைக்கும் அது மட்டும் காஞ்சு நிக்கலாமான்னு இதுக்கும் ரெண்டு கொடம் ஊத்துனேனுங்க. தப்புங்களா?"

சிரித்துவிட்டேன். மண்சூட்டை அளக்கும் கருவியைக் கம்பத்தடியில்தான் புதைத்திருந்தேன். ஆனால் சிரிப்பு பாதியிலேயே நின்றது. அக்கா ஊற்றிய தண்ணீர் எந்த மழைக் கணக்கிலும் இல்லை. எனக்கே இப்போதுதான் தெரியும். அப்படியிருக்க, அதே நாட்களில் அவனுடைய கோடும் எப்படிக் குளிர்ந்தது? என் அளவுகளைப் பார்த்துப் பார்த்து மாதிரியைத் திருகியிருக்கிறான்.

வரப்பில் நின்றபடியே அவனைப் போனில் கூப்பிட்டேன். மண்ணின் வாகு என்றான், காற்றின் ஈரம் என்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தான். கடைசியில், "கொஞ்சம் சரிபண்ணினேன். ஊர்ல எல்லாரும் பண்றதுதானே? பேரு உனக்கும் சேர்த்துத்தானே வரும்?" என்றான்.

போனை வைத்தேன். சத்தியத்தை அவன் மறந்தே போயிருந்தான் போல, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அக்கா முகம் வெளிறிப் பக்கத்தில் வந்தார். "நான் தண்ணி ஊத்துனதாலதான் எல்லாம் கெட்டுப்போச்சுங்களா?"

"இல்லீங்கக்கா," என்றேன். "நீங்க ஊத்தலைன்னா நான் இன்னமும் அவனை நம்பிட்டுத்தான் இருப்பேன்."