வாப்பா விலை கேட்ட மாடி வீடு

நாலைந்து வருடங்களுக்கு முன், ஒரு நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு, நானும் வாப்பாவும் ஒலுவிலில் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் புதிதாக எழும்பியிருந்த தொடர்மாடியில் வீடு பார்க்கப் போனோம். வீடு எனக்குத்தான். எங்கள் ஊர்களில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். நிந்தவூரில் எங்களுக்கிருந்த ஒரே வீடு மூத்தவளான ராத்தாவுக்குப் போய்விட்டது. அதன் பின்னறையில்தான் நாங்கள் இருந்தோம்.

எனக்குப் பேசி வந்த மாப்பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை. நல்ல மனிதர், எனக்கும் பிடித்திருந்தது. "மகன் நடந்து போற தூரத்தில, அந்தப் புது மாடியில ஒண்டு எடுத்துத் தாங்க" என்று அவருடைய உம்மா கேட்டிருந்தார்.

வாப்பா சுவரைத் தட்டிப் பார்த்தார். குழாயைத் திறந்து மூடினார். பல்கனியில் நின்று கடலைப் பார்த்துச் சிரித்தார். பிறகு விலையைக் கேட்டார். காதில் சரியாக விழவில்லை என்று நினைத்து இன்னொரு தரம் கேட்டார்.

"கெம்பஸுக்குக் கிட்ட எல்லாம் இப்ப இந்த விலதான் காக்கா" என்றார் வீட்டைக் காட்டியவர்.

எங்கள் வயலை முழுதாக விற்றாலும் அதில் பாதிகூட வராது.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது வாப்பா உம்மாவிடம் சொன்னார்: "வயல வித்துட்டு நான் திரும்பக் கட்டாருக்குப் போறன். ட்ரைவர் வேலை கிடைக்கும்."

நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பியவர் அவர். உம்மா சோற்றுக் கையோடு அழத் தொடங்கினார்.

"எனக்கு இந்தக் கலியாணம் வேணா வாப்பா" என்றேன்.

"உனக்கு விருப்பமெண்டு எனக்குத் தெரியும் மகள்."

"வேணா எண்டா வேணா."

மாப்பிள்ளையோடு நானே போனில் கதைத்தேன். வாடகை வீட்டில் தொடங்கலாமா என்று கேட்டேன். "உம்மாட சொல்ல மீற ஏலாம இரிக்கி" என்றார். அவர் குரலும் உடைந்துதான் இருந்தது. அத்தோடு எல்லாம் முடிந்தது.

இனி வாப்பாவுக்கு நிம்மதி என்று நினைத்தேன். இல்லை. அதன்பிறகு யார் பெண் கேட்டு வந்தாலும், தேத்தண்ணி வரும் முன்பே, "எங்கிட்டக் குடுக்க வீடில்ல" என்று குனிந்த தலையோடு சொல்லிவிடுவார். வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போய்விடுவார்கள்.

போன வருடம் வாப்பா மௌத்தானார். உயிர் பிரியும் முன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்து, "உனக்கொரு வீடு தராமப் போறன் மகள், என்ன மன்னிச்சிக்க" என்றார். "நீங்க எனக்கு ஒரு குறையும் வைக்கல்ல வாப்பா" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் நம்பவில்லை. அது முகத்தில் தெரிந்தது.

இன்றும் அந்தத் தொடர்மாடியைத் தாண்டி பஸ்ஸில் போகும்போது, அங்கே வாழக் கிடைக்கவில்லையே என்று நான் வருந்துவதில்லை. ஆனால் எங்களை ஒருநாளும் பட்டினி போடாத மனிதரை, யாரோ வைத்த ஒரு விலை, தான் தோற்றுப்போனதாக எண்ணியே கண்மூட வைத்துவிட்டதே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.